முப்பத்தேழாம் எண் செருப்புப் பெட்டி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவின் கமேனோயு பொதுக்குளியல்கூடத்தில், முப்பத்தேழாம் எண் செருப்புப் பெட்டி திருவாளர் ஹிருகாவா அவர்களுக்கே என்றென்றும் உரித்தாகும். கதவில் பித்தளைத் தகடு பதித்தாயிற்று. கைதட்டியாயிற்று. சொற்பொழிவும் ஆயிற்று. எந்த மன்னருடைய பட்டாபிஷேகத்திலும் இத்தனை பேர் இடுப்பில் துண்டோடு நின்றிருக்க மாட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

கமேனோயு பிற்பகலில்தான் திறக்கும். ஆனால் அதற்கு வெகுநேரம் முன்பே நாங்கள் வாசலில் நிற்போம். அவரவர்க்கு அவரவர் சுகம். டோஃபு கடை இனோகுமாவுக்கு, யாரும் கால் வைக்காத முதல் வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து எருமை மாதிரி ஒரு பெருமூச்சு விட வேண்டும். முடிதிருத்தும் ஒரிதோ குளிப்பதற்கு முன்னும் பின்னும் எடை மேடையில் ஏறுவார்; முள் மயிரிழை இறங்கியிருந்தால் அன்று முழுக்கச் சிரிப்புதான். எனக்கோ, குளித்து முடித்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, குளிர்ந்த காபிப் பாலை பாட்டிலோடு அண்ணாந்து குடிக்க வேண்டும். கை இடுப்பில் இல்லாவிட்டால் பால் தொண்டையில் இறங்காது. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கக் கூடாது என்பதுதான் கமேனோயுவின் சட்டம். இங்கே உடம்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஒருவன் எதில் சுகம் காண்கிறான், ஏன் காண்கிறான் என்று விசாரிப்பது அம்மணத்தைவிடப் பெரிய வெட்கக்கேடு.

குராமோச்சியின் சுகம் பேசுவது. வட்ட அலுவலகத்தில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் வெந்நீர் நண்பர்கள் சங்கத்தின் தலைவர். தலைவராக இருப்பதற்காகவே அந்தச் சங்கத்தை அவர் தொடங்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

மிச்சம் இருப்பவர் ஹிருகாவா. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர், தனிக்கட்டை, வாயைத் திறந்தால் வானிலை தவிர வேறு எதுவும் வராது. அவருடைய சுகம் எது என்பதுதான் எங்கள் அனைவரையும் குடைந்த கேள்வி. வாசலில் செருப்புப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். மேல் வரிசைகளில் எத்தனையோ பெட்டிகள் காலியாக இருக்க, அவர் நேரே இடது மூலைக்குப் போவார். அடிவரிசையில், தரையோடு தரையாக இருக்கும் முப்பத்தேழுக்கு முன்னால் மெல்ல, மிக மெல்லக் குனிவார். செருப்பை உள்ளே வைப்பார். மரச்சாவியை உருவுவார். எழுந்து, கண்ணை மூடி ஒரு கணம் அசையாமல் நிற்பார். ஏதோ சன்னிதியில் நிற்பதுபோல இருக்கும்.

ஏன் முப்பத்தேழு? அவருக்குப் பிடித்த பேஸ்பால் வீரரின் சட்டை எண் என்றார் இனோகுமா. எங்களில் பாதிப்பேர் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது அப்படித்தான். மனைவி இறந்த வயது என்று ஒரிதோ குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கருத்தை ஒரிதோ விடவில்லை; ஆகியிருந்தால் இறந்திருப்பார் அல்லவா என்றார். எனக்கோ குளிக்கும்போதெல்லாம் இதே யோசனை. தலைக்குச் சோப்புப் போட்டதை மறந்து இரண்டாம் முறை போட்ட நாட்கள் உண்டு.

தெரியாத ரகசியத்துக்கு மரியாதை அதிகம். முப்பத்தேழில் யாரும் செருப்பு வைக்க மாட்டோம். விவரமறியாத வெளியாள் எவனாவது வைத்துவிட்டால், ஒரிதோ துண்டோடு போய்த் தலைவணங்கி, அவனை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு வருவார்.

இப்படி இருக்கையில் ஒருநாள், வாசல் மேடையில் உட்கார்ந்து கட்டணம் வாங்கும் முதலாளியம்மா சோனோபே இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று, செருப்புப் பெட்டிகளின் அடிவரிசை ஈரத்தில் உளுத்துவிட்டது, அடுத்த வாரம் அதைப் பெயர்த்து எடுத்துவிடப் போகிறார். இரண்டு, அடுத்த மாதத்திலிருந்து இங்கே வர முடியாதென்று ஹிருகாவா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஹிருகாவாவின் வீட்டுக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். கமேனோயு இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு அன்றாடம் என்று ஒன்றுமே மிஞ்சாது.

தலைவர் உடை மாற்றும் அறையிலேயே அவசரக் கூட்டம் கூட்டினார். பெட்டியைப் பிடுங்கினால் அவர் போகத்தானே செய்வார் என்றார். நம் தெருவின் ஒரு சிறு மகிழ்ச்சி அணையப்போகிறது என்றார். நாகரிகம், ஈரம், மனிதன் என்று எங்கெங்கோ போனார். ஈரம் என்றதும் அவருடைய துண்டு நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அதுக்கு முன்னாடி அவரையே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன, தலைவரே?" என்றார் ஒரிதோ.

"கேக்குறதா? ஒரு மனுஷனோட சந்தோஷத்தைப் போய் அவன்கிட்டயே கேக்குறதா? நீங்க தாடிய மட்டும் மழிங்க, ஒரிதோ சான்."

ஆக, கேட்கவில்லை. இனோகுமாவின் மைத்துனன் தச்சன்; அவன் வந்து அடிவரிசை முழுவதையும் தேவதாரு மரத்தில் புதிதாகச் செய்தான். தகடு தயாரானது. நல்ல நாள் பார்த்து ஹிருகாவாவை வரவழைத்து, தலைவர் நெடுநேரம் பேசி, தகட்டை மூடியிருந்த முகத்துண்டை விலக்கினார். ஹிருகாவா தகட்டைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பிறகு, எல்லோரும் காத்திருந்ததால், குனிந்து செருப்பை உள்ளே வைத்தார். குனிந்தவர் எழவில்லை. அங்கிருந்தபடியே நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனோகுமா மூக்கைச் சிந்தினார். மனிதர் உருகிவிட்டார் என்று தலைவர் என் காதில் சொன்னார்.

குளித்த பிறகு நானும் ஹிருகாவாவும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தோம். அவர் காபிப் பால் பாட்டிலின் காகித மூடியை நகத்தால் நெம்பினார். மூடி கிழியாமல் ஒரே வீச்சில் 'டப்' என்று கழன்றது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. இத்தனை காலம் நாங்கள் தேடியது அங்கேதான் இருந்திருக்கிறது. நாங்கள் வேறு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னால் அடக்க முடியவில்லை. சட்டத்தை மீறினேன்.

"ஹிருகாவா சான், தப்பா நினைக்காதீங்க. ஏன் முப்பத்தேழு?"

அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "அது ஒண்ணுதானே எனக்குன்னு காலியா இருக்கும்?"

முதல் நாள் ஒரே கூட்டமாம். அந்த ஒரு பெட்டிதான் மிச்சம் இருந்ததாம். அடுத்தடுத்த நாட்களில் மேலே காலியாக இருந்தவை எல்லாம் பழைய ஆட்கள் யார் யாருக்கோ பாத்தியப்பட்டவை என்று நினைத்தாராம். முப்பத்தேழை மட்டும் யாரும் தொடவில்லை; சரி, நமக்கு ஒதுக்கியது இதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாராம்.

"ஒரு தடவை எவனோ அதுல செருப்ப வெச்சிட்டான். அப்பாடான்னு நெஞ்சு உயரத்துல ஒண்ணைத் திறந்தேன். ஒரிதோ சான் ஓடி வந்து அவனைக் கிளப்பி, எனக்கு அதையே வாங்கிக் குடுத்துட்டார். முதுகு பிசகி வருஷக்கணக்கா ஆச்சு. குனிஞ்சா எழ முடியல, எழுந்தா கண்ணு இருட்டுது. அதான் வேற இடம் பாத்துக்கலாம்னு."

அடிவரிசையையே எடுத்துவிடுவதாகத்தான் இருந்தது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "எடுக்கறதா இருந்தாங்களா?"

"போன வாரமே."

"போன வாரமே," என்றார் அவர்.

தலைவரிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம், இவ்வளவு மனசு வைத்துச் செய்திருக்கிறார்களே, தெரிந்தால் எவ்வளவு சங்கடப்படுவார்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாலை மெல்ல, கடைசிச் சொட்டுவரை குடித்தார். காகித மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முப்பத்தேழின் தகட்டை இப்போது தலைவரே தினமும் துடைக்கிறார். புதிதாக வருபவர்களுக்கு அதன் மகிமையை எடுத்துச் சொல்கிறார். அதில் யாரும் செருப்பு வைப்பதில்லை.

ஹிருகாவா ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குளியல்கூடத்துக்குப் போகிறார். அங்கே பால் டப்பாவில்தான் வரும். செருப்பைத் தரையிலேயே விடலாம்.