வெற்றுத் தாள் வாங்கிய அப்பா

லிஃப்ட் ரிப்பேர்காரருக்கு அந்த அறையில் நம்பத் தகுந்ததாகப் பட்டது நாற்காலி ஒன்றுதான். அதையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டே உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் அவரையே முறைத்தது. கரடி பொம்மையின் வயிற்றை அமுக்கினார், மைக் எதுவும் தட்டுப்படவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

விஷயம் இதுதான். பிரிந்துபோன மனைவி ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுக்கை. நான்கு வயது மகளைக் குழந்தை நல அலுவலகம் வேறொரு குடும்பத்தில் விட்டு வைத்திருந்தது. அப்பா என்று ஓர் ஆள் உண்டே என்பது நான்கு மாதம் கழித்துத்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. ஆறு சனிக்கிழமை, வாரம் ஒரு மணி நேரம் இந்த அறையில் மகளோடு இருக்கலாம். அதிகாரியம்மா மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அதை வைத்துத்தான் மகள் அவரிடம் வருவாளா மாட்டாளா என்பது முடிவாகும்.

அவர் தொழிலில் சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் குறையை மட்டுமே எழுதுவார். தாள் காலியாக இருந்தால் லிஃப்ட் பாஸ். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாங்கிய காலித் தாள்களை அடுக்கினால், உச்சிக்குப் போக அதற்கே ஒரு லிஃப்ட் போட வேண்டும். ஆகவே இங்கேயும் ஓர் எழுத்துக்கூட எழுத இடம் கொடுப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

மகள் பந்தை உருட்டினாள். பேனா எழும்பியது. அவர் பந்தைத் தொடவில்லை. மூன்றாம் வாரம் ஓர் ஈ அவர் மூக்கில் குடித்தனமே நடத்திவிட்டுப் போனது, அசையவில்லை. நான்காம் வாரம் அதிகாரியம்மா பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஜெயித்தாயிற்று என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்தார்.

ஐந்தாம் வாரம் அதிகாரியம்மா நோட்டை அவர் பக்கம் திருப்பினார். இதிலும் ஏதோ சூழ்ச்சி என்று இவர் ஓரக்கண்ணால் பார்த்தார். தேதி, நேரம், கீழே வெறும் தாள்.

"நல்லா வந்திருக்குல்ல மேடம்?"

"எங்க சார் நல்லா வந்திருக்கு? அப்பான்னு ஒருத்தர் இருந்தாருன்னு சொல்ல ஒரு வரி இல்ல. மேல கேட்டா நான் எத வச்சுப் பேசறது?"

"தப்பா எதாவது எழுதிடுவீங்களோன்னுதான்..."

"ஷூவ கால் மாத்தி மாட்டினாலும் எழுதுவேன். மாட்டிவிட்டீங்கன்னும் எழுதுவேன்ல."

வலை விரிக்கிறாரோ என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், மகள் பக்கத்தில் வந்து விரலால் அவர் முழங்காலைக் குத்திப் பார்த்தாள்.

"அப்பா, நீ ரிப்பேரா?"

ஊரெல்லாம் ரிப்பேர் பார்க்கும் மனிதர் நாற்காலியை விட்டு இறங்கி அவள் முன் தரையில் உட்கார்ந்தார்.

"ஆமா பாப்பா. எங்கன்னு பாரு."

அவள் காதுக்குள் பார்த்தாள், மூக்கைத் திருகினாள், கோளாறு முதுகில் என்று கண்டுபிடித்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். அறையைப் பதினெட்டுச் சுற்று சுற்றினார். மூலையில் பேனா கரகரவென்று ஓடியது. ஒவ்வொரு கரகரப்புக்கும் அவர் நடை தயங்கியது. நிறுத்தலாம் என்றால் மேலே இருப்பவள் விடவில்லை.

ஆறாம் வாரமும் முடிந்து, மகள் அவரிடம் வரலாம் என்று உத்தரவு வந்தது.

"கூட யாரு வருவாங்க மேடம்?"

"யாரும் இல்ல. நீங்க ரெண்டு பேருதான்."

"மறைஞ்சு நின்னு?"

"மறைஞ்சும் இல்ல சார்."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

"யாரப் பாக்கறப்பா?"

"யாரையும் இல்லியே" என்றார், நான்காவது தடவையும் பார்த்துவிட்டு.