ஜனங்கள் சாதாரணமாகப் போடும் பாட்டரி

உச்சி வெயிலில் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு போலீஸ்காரர் டார்ச் லைட்டுக்குப் பாட்டரி வாங்கப் போய்க்கொண்டிருந்தார். ஒருவன் ஜெயிலுக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்பது அவர் வாங்கப்போகும் பாட்டரியில் இருந்தது.

ஏட்டு செங்கல்வராயனுக்கு அதைப் பற்றி நினைக்கக்கூடத் தெம்பில்லை. இரண்டு உள்ளங்காலிலும் ஆணி. பென்ஷன் வரும்வரைக்கும் கோர்ட் டியூட்டி, உட்கார்ந்தபடியே காலத்தை ஓட்டலாம் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் இங்கே வந்தார். வந்த நாளாக நின்றுகொண்டே இருக்கிறார்.

வழக்கு சின்ன வழக்குதான். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் ஆயில் எஞ்சின் கொட்டகை. ஒரு ராத்திரி எவனோ கொட்டகைப் பூட்டை உடைத்தான். சத்தம் கேட்டுக் கிணற்றடியிலிருந்து காவல்காரன் கன்னியப்பன் டார்ச் அடித்தான். வந்தவன் வெளிச்சத்தைவிட்டு விலகிப் பின்பக்கமாக ஓடி வந்து கன்னியப்பனின் கையை முறித்துவிட்டு, வேலியைத் தாண்டி இருட்டில் மறைந்தான்.

"ராஜாராம்தான், எசமான். டார்ச்சு வெளிச்சத்துல மூஞ்சியைப் பாத்தேன்" என்று சாட்சி சொல்லிவிட்டான் கன்னியப்பன். ராஜாராம் அந்தத் தோப்பில் சவுக்குக் கட்டை ஏற்றிய வண்டிக்காரன். மேஸ்திரியோடு தகராறு செய்து, வேலையைவிட்டு விரட்டப்பட்டவன். வேறு சாட்சி கிடையாது. ஒரு டார்ச், அதன் வெளிச்சம், அவ்வளவுதான்.

காலையில் ராஜாராமின் வக்கீல் ராஜகோபாலன் எழுந்து, "அந்த வெளிச்சத்தை நாமும்தான் பார்ப்போமே" என்றார். மாஜிஸ்திரேட் ஸ்ரீனிவாசராகவன் சரியென்று தலையாட்டினார். சாமான் அறையிலிருந்து டார்ச் வந்தது. வெகுநாள் கிடந்ததில் உள்ளே இருந்த பாட்டரிகள் தண்ணீர்விட்டுப் பச்சை பூத்து ஒட்டிக்கொண்டிருந்தன. மேஜைக் காலில் தட்டித் தட்டி எடுத்ததில் இரண்டும் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

மாஜிஸ்திரேட் சுற்றிலும் பார்த்தார். சுவர் ஓரமாகக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த செங்கல்வராயன்தான் கண்ணில் பட்டார்.

"ஏட்டு, கடைத்தெருவுக்குப் போய் ஜனங்கள் சாதாரணமாப் போடற பாட்டரியா வாங்கிண்டு வாரும். மத்தியானம் ஜன்னலையெல்லாம் மூடிண்டு பார்த்துடலாம்."

வாசல்படி இறங்கும்போதே சர்க்கார் தரப்பு இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து தோளில் கை போட்டார். "ஏட்டு, கடையிலேயே ஒசத்தி எதுவோ அதை வாங்கு. பளிச்சுனு இருக்கணும். புரியுதா?"

புரியாமல் என்ன! செங்கல்வராயன் சல்யூட் அடித்துவிட்டு நடந்தார்.

ராமதாஸின் சைக்கிள் கடையில் டைனமோ, பெல், பாட்டரி எல்லாம் கிடைக்கும். வாய்ப் பேச்சு இலவசம்.

"இன்னா ஏட்டய்யா, பாட்டரி கோர்ட்டுக்கா? பட்டப்பகல்ல கோர்ட்டுல கண்ணு தெர்லயா?"

"வாயை மூடிகினு எடுத்துப் போடுய்யா. நிக்க முடியல."

ராமதாஸ் முக்காலியை நகர்த்திப் போட்டான். பலகை மேல் மூன்று தினுசு பாட்டரிகளை வைத்தான். ஒன்று நீலத் தாள் சுற்றிய புது ரகம், தலையில் பித்தளைத் தொப்பி மின்னியது. அடுத்தது சிவப்புத் தாள், எல்லாரும் வாங்குவது. மூன்றாவது பழைய சரக்கு, மேலே ஊற்றிய கருப்பு அரக்கு வெடித்திருந்தது.

"இந்தப் பழசைத் தொடாதே, ஏட்டய்யா. உனக்குன்னா குடுக்க மாட்டேன். ஊருக்குப் போற அவசரத்துல வரவனுக்குத்தான் குடுப்பேன்."

அப்போது கடை வாசலில் நிழல் விழுந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பெண். ராஜாராமின் மனைவி கண்ணகி. கோர்ட்டிலிருந்து அவர் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"ஏட்டய்யா, ஒரு வார்த்தை."

"கோர்ட்டு வேலைம்மா இது. நீ இங்க வரக்கூடாது."

"நான் ஒன்னும் தப்பா கேக்கல. நல்ல பாட்டரியா பாத்து வாங்கு. இருக்கறதுலயே ஒசத்தியா வாங்கு. அவ்ளோதான்."

செங்கல்வராயன் முக்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர் சொன்ன அதே வார்த்தை!

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? வெளிச்சம் பளிச்சுனு இருந்தா அந்தக் குருட்டுக் கம்மனாட்டிக்கு இது அவன் இல்லைன்னு தெரிஞ்சுடும் இல்ல? அன்னிக்கு வந்தவன் எவனோ. எங்க வூட்டுக்காரரு இல்ல. நல்லா பாத்தா அவனே சொல்லிடுவான்."

"அப்படி இல்லம்மா" என்று ஆரம்பித்தார் ஏட்டு. "இன்னிக்குப் பாக்கப்போறது திருடனை இல்ல. அந்த டார்ச்சு வெளிச்சத்துல ஆளு தெரியுமா, தெரியாதான்னுதான் பாக்கறாங்க. தெரிஞ்சுதுன்னா, அன்னிக்கும் தெரிஞ்சிருக்கும்னு எழுதிடுவாங்க. உன் புருசன் உள்ள போயிடுவான்."

"தெரியட்டுமே! தெரிஞ்சாத்தானே இவரு இல்லன்னு ஆவும்?"

"ஆமாங்க, அந்தம்மா சொல்றது நியாயமாத்தான் கீது" என்றான் ராமதாஸ், விஷயம் இன்னதென்று தெரியாமலே.

மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தார் செங்கல்வராயன். நாக்கு வறண்டிருந்தது. விட்டுவிட்டார்.

ராமதாஸ் நீலத் தாள் பாட்டரி இரண்டை எடுத்துக் கோர்ட் டார்ச்சில் போட்டுத் திருகினான். கடையின் உள்பக்கம் டயர் அடுக்கியிருந்த இருட்டு மூலை. பட்டனை அழுத்தியதும் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் பாய்ந்தது. டயரில் ஒட்டியிருந்த சேறு, சுவரில் ஓடிய எறும்புச் சாரை, எல்லாம் தெரிந்தன. இதில் மனித முகம் தெரியாமல் போகுமா? கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டே பெயர் சொல்லிவிடுவான்.

"பாத்தியா!" என்றாள் கண்ணகி. அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு.

செங்கல்வராயன் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை வாங்கிக்கொண்டு போனால் எல்லாருக்கும் திருப்தி. இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டுவார். இந்தப் பெண் கும்பிடுவாள். தாமும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைக்கலாம். ராஜாராம் மட்டும் ஜெயிலுக்குப் போவான். அவன் குற்றவாளியாகவே இருக்கலாம், யார் கண்டது? அவருக்குத் தெரியாது.

ஆனால் அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. கோர்ட் டியூட்டிக்கு வருவதற்கு முன்பு, கை முறிந்த மறுநாள் காலையில் தோப்புக்குப் போய் அந்த டார்ச்சைக் கைப்பற்றியவர் அவரேதான். அப்போது மூடியைத் திருகிப் பார்த்தார். உள்ளே ஒன்று புதிது. மற்றது பழசு, இடுப்பில் பல் பதிந்திருந்தது. உயிர் போன பாட்டரியை வெயிலில் காயவைத்து, அப்புறம் கடித்து நசுக்கினால் இன்னும் சில நாள் எரியும் என்று எல்லாரும் செய்வதுதான். அவரும் செய்வார். எந்தப் பாட்டரி இருந்தது என்று கோர்ட்டில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் போலீஸில் கிடையாது.

இன்றைக்கு மாஜிஸ்திரேட் கேட்டுவிட்டார். ஜனங்கள் சாதாரணமாகப் போடுவது.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் மேலே இருப்பவர்கள் சொல்லச் சொன்னதையெல்லாம் கூண்டில் ஏறிச் சொல்லியிருக்கிறார். போயும் போயும் ஒரு பாட்டரிக்காக இன்னொரு பொய் சொல்வதா? நினைக்கவே அலுப்பாக இருந்தது.

"நீலத்தை எடுத்து உள்ள வை. சிவப்புல ஒன்னு குடு" என்றார்.

"ஒன்னா? டார்ச்சு ரெண்டு கட்டை ஆச்சே?"

செங்கல்வராயன் தம் இடுப்பு பெல்ட்டில் தொங்கிய டார்ச்சை எடுத்துத் திருகினார். அவர் ரோந்து நாளிலிருந்தே வைத்திருக்கும் டார்ச். அடியில் இருந்த பழைய பாட்டரியை வெளியே எடுத்தார். தாள் உரிந்து, துத்தநாகம் வெளுத்து, நடுவில் நெளிந்திருந்தது. பல் அவருடையது.

கண்ணகிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள். "அடப்பாவி மனுசா! செத்த பாட்டரியையா போடறே? அந்த இன்ஸ்பெக்டரு இன்னா குடுத்தான் உனக்கு?"

"ஒன்னும் குடுக்கலம்மா."

"பின்ன ஏன் எங்க குடியைக் கெடுக்கறே?"

அவர் எழுந்து வெயிலில் இறங்கினார். கோர்ட் வாசல்வரை அவள் திட்டிக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் ஜன்னல்களை மூடிக் கம்பளி தொங்கவிட்டார்கள். கோர்ட் ஹாலின் நீளமும் கிணற்றடிக்கும் கொட்டகைக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை வாங்கித் திருகிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "எஜமான், இதில் ஒன்று பழைய பாட்டரி! ஏட்டு உத்தரவை மீறிவிட்டார்."

"என்ன ஏட்டு?"

செங்கல்வராயன் விறைத்து நின்றார். "ஜனங்க சாதாரணமா போடறதை வாங்கச் சொன்னீங்க, எஜமான். ரெண்டும் புதுசா யாரும் போடறதில்ல. ஒன்னு புதுசு, ஒன்னு பழசு. புதுசு பழசை இழுத்துகினு ஓடும்னு ஒரு நெனப்பு. தோப்புல நான் எடுத்தப்பவும் இந்த டார்ச்சுல அப்படித்தான் இருந்துது. பழசு என் டார்ச்சுல இருந்து போட்டேன்."

மாஜிஸ்திரேட் கூண்டுப் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ அப்படித்தான் போட்டிருந்தியா?"

"ஆமா எசமான்" என்றான் கன்னியப்பன், அதில் என்ன தப்பு என்ற முகத்தோடு. "வேற எப்படிப் போடறது?"

குமாஸ்தா உப்பிலி காகிதத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டார். மாஜிஸ்திரேட் அதைக் கவனித்துவிட்டார். "ஓய் உப்பிலி, உம்மாத்திலே?"

"அப்படித்தான், ஸார். மொட்டை மாடியிலே வெயில்லே காயறது."

"எங்காத்துக்காரி கோமளமும் அப்படித்தான் பண்றாள். வடாத்தோட வடாமா" என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் முகத்தை நேராக்கிக்கொண்டார். "சரி. ஆகட்டும்."

ஹாலின் கோடியில் நான்கு பேரை நிற்க வைத்தார்கள். ராஜாராம், டவாலிச் சேவகன், தெருவில் பிடித்து வந்த ஒரு வண்டிக்காரன், ஆள் போதாமல் குமாஸ்தா உப்பிலி. எல்லாருக்கும் வெற்று உடம்பு, தலையில் முண்டாசு. விளக்கை அணைத்தார்கள்.

கன்னியப்பன் பட்டனை அழுத்தினான்.

வெல்லப் பாகு நிறத்தில் ஒரு வெளிச்சம் கிளம்பி, பாதி ஹாலைத் தாண்டுவதற்குள் களைத்துப்போயிற்று. கோடியில் நான்கு உருவம் நின்றது தெரிந்தது. முண்டாசு தெரிந்தது. முண்டாசுக்குக் கீழே கருப்பு.

கன்னியப்பன் டார்ச்சைத் தொடையில் ஓங்கித் தட்டினான். வெளிச்சம் ஒரு துள்ளு துள்ளி, முன்னைவிட மங்கிற்று.

"சொல்லு, இதில் ராஜாராம் யாரு?" என்று இருட்டிலிருந்து வக்கீலின் குரல்.

"இதோ... இந்தக் கோடியில கீறவன்."

கம்பளியை விலக்கினார்கள். அந்தக் கோடியில் நின்றவர் உப்பிலி. மார்பில் பூணூல்.

ஹாலில் சிரிப்பு வெடித்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். கன்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. சரியாகக் கூடாத கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "எசமான், நான் பொய் சொல்லல. அன்னிக்கு வந்தவன் ராஜாராம்தான்" என்றான்.

"முகத்தைப் பார்த்தாயா?" என்றார் ராஜகோபாலன். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை.

"ஆளு வந்ததைப் பாத்தேன்."

"முகத்தை?"

"வேற யாரு வருவான் சாமி? மேஸ்திரிகிட்ட மல்லுக்கு நின்னவன் அவன் ஒருத்தன்தானே!"

சிரிப்பு நின்றுவிட்டது. மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார்.

சாயங்காலம் தீர்ப்பு. அடையாளம் சந்தேகத்துக்கு இடமாக இருப்பதால், அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ராஜாராமை விடுதலை செய்வதாக வாசித்தார்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்ததும் ஏட்டின் அருகில் நின்று மெதுவாகச் சொன்னார். "நாளையிலிருந்து உங்களுக்குக் கோர்ட் டியூட்டி வேண்டாம். திருக்கழுக்குன்றம் மலைப் படிக்கட்டிலே பந்தோபஸ்து போடச் சொல்றேன். கால் நல்லா பழகும்."

"சரிங்க ஸார்."

பஸ் நிலையத்தில் பெஞ்சு கிடைத்தது. செங்கல்வராயன் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சதுரங்கப்பட்டினம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ராஜாராமும் கண்ணகியும் வந்தார்கள். ராஜாராம் அவரைப் பார்த்து நின்றான்.

"ஏட்டய்யா, ரெண்டும் புதுசா போட்டிருந்தா அவன் இன்னா சொல்லியிருப்பான்?"

"உன் பேரைத்தான்."

ராஜாராம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டான். கண்ணகி மட்டும் நின்றாள். கோபமெல்லாம் அடங்கி, அவளும் அவரைப் போலவே ஓய்ந்திருந்தாள்.

"உனக்குப் புண்ணியமா போவட்டும். ஆனா ஊர்ல இன்னா சொல்வாங்க தெரியுமா? லைட்டு மங்கலா இருந்துது, அதான் தப்பிச்சுகினான்னு சொல்வாங்க. இவரு இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. எந்தத் தோப்புக்காரன் இனிமே இவரு வண்டிய உள்ள வுடுவான்?"

"அதுக்கு என்கிட்ட பாட்டரி இல்லம்மா."

கண்டக்டர் விசில் அடித்தான். அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். புருஷன் முன் சீட்டில் டிரைவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே குனிந்து, அவனுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏட்டய்யா, நீ எத்தினி கேசு பாத்திருப்பே. நீ சொல்லு. அன்னிக்கு ராத்திரி இவரு நேரங்கழிச்சுத்தான் வூட்டுக்கு வந்தாரு. நான் அதைக் கேக்கவே இல்ல. இவரா இருக்குமா?"

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் காசா பணமா? செங்கல்வராயன் வாயைத் திறந்தார். காலையிலிருந்து நின்ற அலுப்பில் பொய் எதுவும் வரவில்லை.

"தெர்லம்மா" என்றார்.

பஸ் நகர்ந்தது. அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, முன் சீட்டில் தெரிந்த புருஷனின் முதுகைப் பார்த்தபடி போனாள்.