நாலு மணி நேரத்து பேட்டரி

மனைவியின் மூச்சுக்கு லாகோஸில் விலை, இரவொன்றுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் நைரா. மூன்று லிட்டர் பெட்ரோல், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் எஞ்சின் ஆயில். என் கடை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இந்தக் கணக்கைச் சொன்னவர் பாபா மொரேனிகே. துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை எண்ணி எழுதிய குமாஸ்தா. ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது எண்ணாமல் அவரால் நிற்க முடியாது. முஷின் வட்டாரத்தில் அவருக்கும் அவர் மனைவிக்கும் மூத்த மகளின் பெயர்தான் பெயர்: அவர் பாபா மொரேனிகே, அதாவது மொரேனிகேயின் அப்பா; அந்த அம்மாள் இயா மொரேனிகே, அவளுடைய அம்மா.

இயா மொரேனிகே விறகுப் புகையில் மீன் வாட்டி விற்றே பிள்ளைகளை வளர்த்தவர். மீனெல்லாம் விற்றுப்போயிற்று, புகை மட்டும் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இப்போது தூங்குவதற்கு ஆக்சிஜன் எந்திரம் வேண்டும், எந்திரத்துக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட்டோ, வந்தால் தெருவே கைதட்டி வரவேற்கிற விருந்தாளி.

ஆகவே ஜெனரேட்டர். இருப்பதிலேயே சின்னது, ஒரு கையால் தூக்கலாம். வில்லங்கமும் அதுதான், திருடனும் ஒரு கையால் தூக்கலாம். ஓடுகிற ஜெனரேட்டரையே தூக்கிப் போவார்கள். சத்தம் நின்று வீட்டுக்காரர் விழித்துவிடக் கூடாதே என்று, அதே இடத்தில் ஓர் ஓட்டை ஜெனரேட்டரை ஓடவிட்டுப் போகிற நாணயஸ்தர்களும் உண்டு. அதனால் மூன்று வருடமாக பாபா மொரேனிகே ராத்திரி ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல்.

"ஒரு மணிக்கு அப்புறம்?" என்றேன்.

"அவளே எழுந்து வந்துடுவா, ஓகா. 'நெஞ்சு லேசாயிடுச்சு, அதை அணைச்சுட்டு வந்து படு'ம்பா. அவளுக்கு நாலு மணி நேரம்தான் அளவு."

"டாக்டர் சொன்ன அளவா?"

"டாக்டர் ரூமுக்குள்ள போறது அவதான். நான் வெளியில உக்காந்து வரிசையில எத்தனை பேருன்னு எண்ணிக்கிட்டிருப்பேன்."

நான் ஒபியாஜுலு; கடைக்கு வருகிறவர்களுக்கு 'ஓகா', அதாவது முதலாளி. இந்தச் சந்தையில் இருபது வருடமாக இன்வெர்ட்டர் விற்கிறேன். தையல்காரனுக்கு இடுப்பளவு எப்படியோ, எங்களுக்கு மணி நேரம் அப்படி. எத்தனை வாட், எத்தனை மணி நேரம், இவை இரண்டும் சரியாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். அவர் எந்திரம் ஐந்நூற்றைம்பது வாட். நாலு மணி நேரத்துக்குச் சின்ன பேட்டரி போதும், இரண்டரை யூனிட் பிடிப்பது. எனக்கு என்னவோ நெருடியது. ஆனால் வாங்க வந்தவர் சொல்கிற இடுப்பளவைத் தையல்காரன் சந்தேகப்படலாமா?

அவர் முதலில் பேட்டரியைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் ஊரில் எல்லாரும் தூக்கித்தான் பார்ப்பார்கள்.

"என்னப்பா, காலி மீன் கூடை மாதிரி லேசா இருக்கு? உள்ள ஏதாவது இருக்கா, இல்ல காத்தை அடைச்சு விக்கிறியா?"

"ஐயா, இது லித்தியம். இதுல கனம் பார்த்து வாங்கினா, மண்ணு அடைச்சு வெச்சிருக்கிறவன்கிட்டதான் போய் நிப்பீங்க."

"நீங்க இபோக்காரங்க பேசியே விப்பீங்க."

"நீங்க யொருபாக்காரங்க பேசியே வாங்குவீங்க. கணக்கு சரியாப் போச்சு."

அடுத்து இன்வெர்ட்டர். சாதாரண ரகம் பாதி விலை என்றார். ஹைப்ரிட் ஏன் என்று விளக்கினேன். "இது நல்ல குடும்பஸ்தி மாதிரி ஐயா. பகல்ல வெயில்கிட்ட வாங்கிச் செலவு பண்ணும், மிச்சத்தை பேட்டரியில போட்டு வெக்கும். ரெண்டும் தீர்ந்தாத்தான் கரண்ட்காரன்கிட்ட கை நீட்டும். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும்போது எந்திரம் ஒரு தடவைகூட இருமாது."

"இருமாது" என்ற சொல்லில் மனிதர் விழுந்துவிட்டார். அதற்குமேல் சாதாரண ரகத்தின் பக்கம் அவர் கண் போகவில்லை. இன்வெர்ட்டர், சின்ன பேட்டரி, கூரைக்கு நாலு பேனல், மாட்டுகிற கூலி என்று பதினாறு லட்சத்து நாற்பதாயிரம் நைரா. ஒரு மணி நேரம் அடித்துப் பேசி நாற்பதைக் கழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஓகா, ரசீதுல நாலு லட்சம்னு எழுது."

என் ஆயுளில் ரசீதைக் கூட்டி எழுதச் சொன்னவர்கள் ஆயிரம் பேர், எல்லாரும் கம்பெனிக்காக வாங்க வருகிறவர்கள். குறைத்து எழுதச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"அது என் கார் பணம்பா. சங்கத்துல இருபது வருஷமாச் சேர்த்தது. நான் ஒரு நாளாவது சொந்தக் கார் ஓட்டிப் பார்க்கணும்னு அவளுக்கு ஆசை. பதினாறுன்னு தெரிஞ்சா சாமானை வாசப்படி ஏத்த விடமாட்டா."

எழுதிக் கொடுத்தேன். சாமான்கள் அன்றே அவர் வீட்டுக்குப் போயின. மாட்டுவதற்கு வியாழக்கிழமை வருவதாகப் பேச்சு.

நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து செய்த முட்டாள்தனம் மறுநாள் காலையில்தான் புரிந்தது. சந்தையில் வயிறு வளர்த்த ஒரு பெண்பிள்ளையிடம் மலிவான ரசீதை நீட்டியிருக்கிறோம்.

இயா மொரேனிகே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒடிசலான உடம்பு, தலையில் பெரிய துணிக்கட்டு. பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார். ஒரு பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மூச்சு வந்து சேரும்வரை கையைத் தூக்கி என்னைப் பேசவிடாமல் நிறுத்தி வைத்தார். பிறகு ரசீதை மேசையில் அடித்தார்.

"தம்பி, நீ திருடனா முட்டாளா?"

"அம்மா..."

"இன்வெர்ட்டர் மட்டுமே நாலு லட்சத்துக்கு மேலன்னு பக்கத்துக் கடையில விசாரிச்சுட்டுத்தான் வரேன். மொத்தமும் நாலு லட்சம்னா நீ மண்ணு வித்திருக்கணும். பேட்டரி காலி மீன் கூடை கனம்தான்னு அந்த மனுஷனே சொன்னாரு. மண்ணு இல்லேன்னா, நீ முட்டாள். அப்படின்னா இதே விலைக்கு இன்னும் பத்து குடு, எங்க மீன் சங்கத்துல எல்லாரும் வாங்குவாங்க."

பத்து! என் கண் முன்னால் கடை ஏலம் போனது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ரசீதை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கார் பணமா?"

"ஆமாம்மா."

"கிறுக்கு மனுஷன்." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்ததைப் பார்த்தால், திட்டு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். "சரி, இது எத்தனை மணி நேரம் வரும்?"

"நாலு. உங்களுக்கு நாலு போதும்னு ஐயா சொன்னாரே."

இயா மொரேனிகே தெருவைப் பார்த்தார்.

"அம்மா, டாக்டர் எவ்வளவு சொன்னாரு?"

"தூங்குற நேரம் பூரா."

"அப்போ ஒரு மணிக்கு ஏன் அணைக்கச் சொல்றீங்க?"

"அறுபத்தெட்டு வயசு, தம்பி. பனியில கொசுக்கடியில அந்த ஓட்டை டப்பாவுக்குக் காவல் உக்காந்திருக்காரு. நான் சொல்லலேன்னா விடியற வரைக்கும் உக்காந்திருப்பாரு. அவரு தூங்கட்டும்னு சொல்றது. நான் தலையணையை உசரமா வெச்சுச் சாஞ்சுக்குவேன், எப்படியோ விடிஞ்சுடும்."

இருபது வருட வியாபாரத்தில் முதல் தடவையாக, தவறான அளவுக்கு நான் துணி வெட்டியிருந்தேன்.

"பெரிய பேட்டரி போட்டா ராத்திரி பூரா வரும்மா. அஞ்சு லட்சம் அதிகம். சின்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்."

அவ்வளவுதான், உட்கார்ந்திருந்த நோயாளி காணாமல் போய் மீன்காரி எழுந்து நின்றார். பெட்டி பிரிக்கவில்லை என்று ஐம்பதாயிரம் குறைத்தார். ஆட்டோ கூலிக்கும் மூச்சு வாங்கியதற்கும் சேர்த்து இருபது. பொய் ரசீது எழுதிய பாவத்துக்கு மட்டும் ஐம்பது. மூன்று லட்சத்து எண்பதாயிரத்தில் நின்றது. ரவிக்கைக்குள்ளிருந்து பணத்தை எடுத்தார். வாட்டிய மீன் வாசனை அடித்தது. மூன்று லட்சம் இருந்தது.

"எண்பது பாக்கி. மாசக் கடைசியில தரேன். அவருகிட்ட வாயைத் திறந்தே, உன் கடை முன்னாடி வந்து உக்காந்து இருமுவேன்."

"பேட்டரி பெருசாத் தெரியுமே?"

"கம்பெனி சலுகைன்னு சொல்லு. பொய் எழுதத் தெரிஞ்சவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதா?"

வியாழக்கிழமை நானே கூடப் போய் மாட்டினேன். கம்பெனி சலுகை என்றதும் பாபா மொரேனிகே என்னைக் கூர்ந்து பார்த்தார். இயா மொரேனிகே, பார்வையாலேயே என் வாயைத் தைத்தபடி எனக்கு மிளகுக் குழம்பு ஊற்றினார்.

மூன்று வாரம் கழித்து பாபா மொரேனிகே கடைக்கு வந்தார். அதே இடத்தில் முழங்கையை ஊன்றினார்.

"ஓகா, அவ இப்போ அணைக்கச் சொல்றதே இல்ல."

நான் ஒரு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"விடிய விடிய எந்திரம் ஓடுது. நானும் அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடறேன். காலையில பார்த்தா ஒரே தலையணையில படுத்திருக்கா. மூணு வருஷமா மூணு தலையணை. முதுகு வலின்னு சொல்லுவா." மேசையில் விரலால் கணக்குப் போட்டார். "ராத்திரிக்கு எந்திரம் இல்லாம அஞ்சு மணி நேரம். எண்ணிப் பார்த்தேன். ஐயாயிரத்து நானூத்தி எழுபத்தஞ்சு மணி நேரம்பா. நான் பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

சுருட்டிய ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டினேன்.

"இந்தச் சந்தையில யாரும் சலுகை குடுத்ததா சரித்திரம் இல்ல. அவ எவ்வளவு குடுத்தா, எவ்வளவு பாக்கி?"

"ஐயா, நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் எண்ணுறேன், பாக்கி வந்ததும் இருமு."

இருபது, நாற்பது, அறுபது என்று நோட்டுகளை வைத்துக்கொண்டே போனார். எண்பதில் இருமினேன்.

"அவளுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிஞ்சதும் தெரிய வேண்டாம். இனிமே ராத்திரியில அவ என்னைப் பத்திக் கவலைப்படாம தூங்கட்டும்."

மாசக் கடைசியில் இயா மொரேனிகே வந்தார். இந்தத் தடவை நிற்காமல் நடந்து வந்தார். எண்பதாயிரத்தை எண்ணி வைத்தார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் கணவருக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு பொட்டலம் வாட்டிய மீன்; அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

திருப்பிக் கொடுக்கலாம்தான். கணவரிடம் கொடுத்தால், மனைவியும் எண்பது கட்டியதை நானே வாயைத் திறந்து சொன்னதாகிவிடும். அந்த அம்மாளிடம் கொடுத்தால் மூன்று தலையணைக் கதை வெளியே வந்துவிடும். யோசித்து யோசித்துக் கணக்கு நோட்டில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்:

பாபா மொரேனிகே: பதினாறு லட்சத்து எண்பதாயிரம் வரவு. பாக்கி இல்லை.
இயா மொரேனிகே: மூன்று லட்சத்து எண்பதாயிரம் வரவு. பாக்கி இல்லை.
ஒபியாஜுலு: எண்பதாயிரம் நைராவும் ஒரு பொட்டலம் மீனும் பாக்கி.