பூட்டு நிற்காத வார்டு

மாரிக்கண்ணு இருக்கும் இடத்திலிருந்து பத்தடி தூரத்துக்கு எந்தப் பூட்டும் நிற்காது. திண்டுக்கல் பூட்டானாலும் சரி, உள்தாழ்ப்பாளானாலும் சரி, அவள் கடந்து போகும்போது ஒரு சத்தம் கேட்கும், பிறகு திறந்து தொங்கும். இது 1990ஆம் வருஷம் தை மாதம் தொடங்கியது. நாங்குநேரிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளுடைய அண்ணன் சுடலைராஜ் அவளைப் பருத்திக்கொட்டை மூட்டை போடும் அறையில் மூன்று வருஷம் அடைத்து வைத்திருந்தார். காலையில் ஒரு தட்டு சோறு, சாயங்காலம் ஒரு தட்டு. அவளுக்கு மட்டும் கேட்ட குரல்கள் பகலெல்லாம் அவளை ஏசின. அவள் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை பட்ட இடத்தில் பலகை எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை பூட்டு தானாகக் கழன்று விழுந்தது. சுடலைராஜ் அதைவிடப் பெரிய பூட்டு வாங்கி வந்தார், அதுவும் விழுந்தது. ஐந்தாவது பூட்டும் விழுந்த பிறகு அவளை பஸ்ஸில் ஏற்றி, மணிமுத்தாறு அணைக்குக் கீழே இருந்த மனநல விடுதியில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார்.

அந்த விடுதி திருநெல்வேலி அறக்கட்டளை ஒன்றுக்குச் சொந்தமானது. அணை கட்டிய காலத்தில் வேலையாட்கள் குடியிருந்த ஓட்டு வீடுகளைத்தான் வார்டுகளாக்கியிருந்தார்கள். டாக்டர் பிரம்மநாயகி கொடுத்த மாத்திரையில் மாரிக்கண்ணுவின் குரல்கள் ஒன்றரை வருஷத்தில் அடங்கின. பூட்டு விஷயம் அடங்கவில்லை. டாக்டர் அதை அவளுடைய நோட்டில், ரத்த அழுத்தத்துக்குக் கீழே ஒரு வரியாக எழுதி வைத்தார். அணைக் காவலர் வந்து, இந்தப் பெண் மட்டும் அணைமேல் ஏற வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். அம்பாசமுத்திரத்து நகைக்கடைக்காரர்கள் அவளை எதிர்ச்சாரியிலேயே போகச் சொன்னார்கள். தொண்ணூற்றிரண்டில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என்பதற்கு மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. தன் மூக்குத்தித் திருகாணி கழன்றதும் அவளால்தான் என்று ஒருத்தி சொன்னாள். அது பொய்.

நோய்ப்பட்டுத் தேறியவர்களே நோயாளிகளுக்குத் துணை இருக்கட்டும் என்று 1993இல் டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். மாரிக்கண்ணுவையும் வள்ளியூர் சாரம்மாளையும் வேலைக்கு எடுத்தார். பதிவேட்டில் அவர்களுக்குத் துணையாளர் என்று பெயர். மற்ற ஊழியர்கள் வைத்த பெயர் பழைய கேஸ். கடிக்கிறவர்களும் அலறுகிறவர்களும் இருந்த மூன்றாம் வார்டு மாரிக்கண்ணுவிடம் வந்தது. அங்கே புதிதாக வந்தவர்கள் கதவைத் தள்ளுவார்கள், அது திறக்கும். வெளியே வந்து திகைத்து நிற்பார்கள். அவள் பக்கத்தில் போய் நின்று, "எங்க போவணும்?" என்பாள். பதில் வரும்வரை நிற்பாள். சில நாள் சோற்று மணி அடிக்கும்வரை நிற்க வேண்டியிருக்கும். அவள் வருவதற்கு முன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு பேர் சுவரேறித் தப்பிப் போனார்கள். கதவெல்லாம் திறந்து கிடந்த மூன்று வருஷத்தில் சொல்லாமல் போனவர் ஒருவர்தான். அவர் சமையல்காரர்.

இருந்தாலும் தலைமை வார்டர் இன்பமணிக்கு அவளைக் கண்டால் ஆகாது. இருபது வருஷமாக இடுப்பில் சாவிக்கொத்தோடு நடந்தவர் அவர். தினமும் காலையில் விழுந்து கிடக்கும் பூட்டுகளை ஓலைப்பெட்டியில் பொறுக்கி, ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு வருவார். அவர் எழுதிய ஏழு புகார்கள் அறக்கட்டளைக்குப் போயின. 1996 ஆவணியில் அறக்கட்டளை ஓர் ஆய்வுக்கு உத்தரவிட்டது. ஊழியர்கள் இருபத்திரண்டு பேரும் இருபத்து நான்கு கேள்விகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ஐந்து என்றால் முழுச் சம்மதம், ஒன்று என்றால் சம்மதமே இல்லை. பதினேழாம் கேள்வி, நோயிலிருந்து தேறியவரைப் பணியில் வைத்திருப்பது விடுதிக்குக் கேடு என்பது. அதற்கு ஐந்து போட்டவர்கள் அதிகமானால் புகாரில் பெயர் இருந்த மாரிக்கண்ணுவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எப்படியோ கேள்விப்பட்டு சுடலைராஜ் விடுதிக்கு ஒரு கார்டு போட்டார். ஆள் துணை அனுப்ப வேண்டாம், நானே வந்து கூட்டிப்போகிறேன், இந்தத் தடவை பூட்டு வாங்கவில்லை, நானூறு செங்கல் இறக்கியிருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. மாரிக்கண்ணு அதை இரண்டு முறை படித்துவிட்டு டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஆய்வுக்கு வந்தவர் பாளையங்கோட்டையில் புள்ளியியல் பாடம் நடத்தும் சிவகணேஷ். யார் என்ன எழுதினார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஒரு தகரப் பெட்டியும் பூட்டும் கொண்டுவந்திருந்தார். பெட்டியை மூன்றாம் வார்டு வராந்தாவில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சார், பெட்டிய அங்கன ஆபீஸ் பக்கமா வைங்க. நான் இங்கனதான் போக வர இருப்பேன்" என்றாள் மாரிக்கண்ணு, முற்றத்தில் தள்ளி நின்று.

"கேள்விப்பட்டேம்மா. இது ஏழு லீவர் பூட்டு. சாவி இல்லாம என்னாலயே தொறக்க முடியாது."

"உங்களால முடியாதுன்னா சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

இரண்டு நாள் அவள் வராந்தாவை விட்டுப் பின்வாசல் வழியாகவே போய்வந்தாள், தாள்கள் எல்லாம் பெட்டிக்குள் சேர்ந்தன. மூன்றாம் நாள் காலை, அவள் பானைக்கு வந்தபோது பூட்டு திறந்து மூடி விரிந்தது. ஆவணி மாதத்துப் பொதிகைக் காற்று தாள்களை முற்றமெங்கும் இறைத்தது. மூன்றாம் வார்டுப் பெண்கள் ஓடி ஓடிப் பொறுக்கி, எதைக் கண்டெடுத்தாலும் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல, அவளிடமே கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு படித்தவள் அவள். ஊழியர்கள் ஒவ்வொருவரின் கையெழுத்தும் மருந்துச் சீட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் அவளுக்குப் பார்த்துப் பழகியது. மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று, விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"பதினேழுக்கு, இன்பமணி அண்ணாச்சி அஞ்சு. கீழ, ‘பைத்தியத்துக்குப் பைத்தியம் காவலா’ன்னு எழுதிருக்காவ. புதுச் சமையல்காரரு அஞ்சு. நான் வந்தா குழம்புச் சட்டி மூடிகூடத் தொறந்துக்கிடுதாம். மூடியும் பூட்டும் ஒண்ணா அண்ணாச்சி?"

"பிறத்தியார் கடுதாசியப் படிக்கா பாரு. வெக்கமா இல்ல ஒனக்கு?" என்றார் இன்பமணி.

"எழுதும்போது ஒங்களுக்கு இல்லயே. கேக்கதுக்கு என்ன?"

பத்தொன்பது ஐந்து இருந்தது. பதினெட்டை வாசித்தாள். கடைசித் தாள் சாரம்மாளுடையது. மூன்று வருஷமாகப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள். மாரிக்கண்ணு அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைத் தின்று முடித்தாள்.

ரகசியம் போய்விட்டதால் ஆய்வு செல்லாது என்றார் சிவகணேஷ். அம்பாசமுத்திரம் போய் வேறு பூட்டு வாங்கி வந்தார். அதுவும் திறந்தது. கயிறு கட்டி அரக்கு வைத்தார், அரக்கு கோந்துபோல் வழிந்தது. மறுநாள் பெட்டியைத் தன் காரில் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாரையும் புளியமரத்தடியில் உட்காரவைத்து, ஒருவர் முன்னால் ஒருவராகக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்டார்.

பதினேழு வந்தபோது இன்பமணி தரையைப் பார்த்து, "அஞ்சு" என்றார்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒன்னப் பாத்துதான் சொல்லுதேன். நீ போவணும். பூட்டு நிக்காத எடத்துல வார்டர் எதுக்கு? நாளைக்கு இவளுவ அம்புட்டுப் பேரும் கெளம்பிட்டா கேள்வி ஒன்னயா கேப்பான்?"

"எழுதிக்கிடுங்க சார், அஞ்சு" என்றாள் மாரிக்கண்ணு.

சாரம்மாள் முறை வந்தது. "அஞ்சு" என்றவள் முந்தானையைக் கசக்கினாள். "எனக்குத் தாழ்ப்பாள் வேணும் மாரி. உள்ள போட்டுக்கிட்டாதான் எனக்குக் கேக்குத சத்தம் வெளிய நிக்கும். நீ பக்கத்துல படுத்தா அது பைய உள்ள வந்துருது. மூணு வருசமாச்சு நான் நல்லா ஒறங்கி."

மாரிக்கண்ணு எழுந்து நின்றாள். மரத்தடியில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் கண்ணில் நின்றது நானூறு செங்கல்.

"சார், கேள்வி இருவத்திநாலோட சரியா?"

"ஆமாம்மா."

"இன்னொண்ணு எழுதுங்க. ‘மாரிக்கண்ணு போன பொறவு மூணாம் வார்டுல அவ எடத்துல நான் உக்காருவேன்.’ சம்மதமா, இல்லையா. எல்லார்ட்டயும் கேளுங்க."

சிவகணேஷ் சற்று யோசித்தார். பாடப்புத்தகப்படி கேள்வியில் தப்பில்லை. எழுதிக்கொண்டு முதலில் இன்பமணியைக் கேட்டார்.

"அது என் வேல இல்ல சார்."

"நம்பர் சொல்லுங்க."

"ஒண்ணு."

இருபத்தொரு பேரும் ஒன்று என்றார்கள். சாரம்மாளும் ஒன்று என்றாள். மாரிக்கண்ணு மட்டும் தன் கேள்விக்கு எண் சொல்லாமல் விலகிக்கொண்டாள்.

அறிக்கை திருநெல்வேலிக்குப் போனது. அறக்கட்டளைக் குழு இரண்டு தடவை கூடிப் பேசியது. துணையாளர் மாரிக்கண்ணு மூன்றாம் வார்டில் தொடரலாம், விடுதிக்கு இனிப் பூட்டு வாங்க வேண்டியதில்லை என்று தீர்மானம் வந்தது. இன்பமணி 1999இல் ஓய்வு பெறும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருகைப் பதிவேட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பன்னிரண்டடி தள்ளி நிற்பார். தீர்மானம் வந்த அன்றே மாரிக்கண்ணு தன் கட்டிலை முற்றத்தைத் தாண்டிப் பழைய சிமெண்ட் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டாள். சாரம்மாளின் தாழ்ப்பாள் நின்றது. அதன்பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிடவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அவள் ஊருக்கு வருவாள். கொடையன்று காலையிலேயே வீட்டுப் பூட்டுகளையெல்லாம் கழற்றி மாடக்குழியில் வைத்துவிடுவது அந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதுபோல அதுவும் ஒரு வேலை. சுடலைராஜ் அந்தச் செங்கலில் மாட்டுத் தொழுவம் கட்டினார், கதவு வைக்கவில்லை. தொழுவம் கட்டிய வருஷம் கொடைக்கு வந்த மாரிக்கண்ணு அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை. தொழுவத்தின் முன்னால் நின்று, செங்கல் நானூறும் அதில் இருக்கிறதா என்று வரிசை வரிசையாக எண்ணினாள். சரியாக இருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு மணிமுத்தாறு திரும்பிவிட்டாள்.