அம்மாவின் இடது கைப் பக்கம்

அம்மாவின் அறை ஜன்னலுக்கு மடிப்புத் திரை போட வேண்டும் என்று முடிவு செய்தவன் அண்ணன். வேறு ஊரில் இருந்துகொண்டு, கைப்பேசியில் முகத்தைக் காட்டியபடியே முடிவு செய்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவின் வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. இருந்தும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அளவெடுக்க வந்த திரைக்கார அக்கா ஸ்டூலில் ஏறி, ஜன்னல் சட்டத்தின் உள் அகலத்தை மேலே ஒரு தரம், நடுவே ஒரு தரம், கீழே ஒரு தரம் அளந்தாள்.

"பழைய சட்டம், ஒரே மாதிரி இருக்காது. இருக்கறதுலயே குறைச்சலான அளவைத்தான் எடுக்கணும். இல்லேன்னா ஏறி இறங்கும்போது மடிப்பு உரசும்," என்றாள். பிறகு கேட்டாள்: "எப்படி ஏத்தி இறக்கப் போறீங்க? சங்கிலியா, கையாலயே தள்ளுறதா, மோட்டாரா?"

"மோட்டார்தான்," என்றான் அண்ணன் கைப்பேசியிலிருந்து. "என் போன்லேருந்தே இயக்கற மாதிரி வச்சிடுங்க. சுவத்துல சுவிட்செல்லாம் வேணாம். தங்கச்சி மறந்துடுவா."

தங்கைக்குச் சுருக்கென்றது. பாதி நாள் மருந்துக்கடையில் வேலை பார்த்து, மீதி நாள் அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டிக்கொண்டிருப்பவள் அவள். மறந்துவிடுவாளாம். ஆனாலும் வாங்கிக் கொடுப்பவன் அவன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரை அழகாகத்தான் இருந்தது. விசிறி மடிப்பு மடிப்பாக, சத்தமே இல்லாமல் மேலேறும். தொல்லை அது இறங்கும்போதுதான். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரை தன்பாட்டுக்கு இறங்கும். கேட்டால், "வெயில் ஏறிடுச்சு, அம்மாவுக்குக் கண்ணு கூசும்" என்பான் அண்ணன்.

"என் கண்ணு அவனுக்கா கூசுது?" என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஒருநாள் காலை, தங்கை அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, உடைகளைக் களைந்து, வெந்நீரில் நனைத்த துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரை ஏறத் தொடங்கியது. திரையின் கீழ்விளிம்பில் இருந்த அடிக்கட்டை அம்மாவின் இடுப்பைத் தாண்டியது, மார்பைத் தாண்டியது. எதிர்வீட்டு மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். அம்மா இடது கையால் எதையெதையோ இழுத்து மூடிக்கொள்ளப் பார்த்தாள். எதுவும் எட்டவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது.

தங்கை துண்டை அம்மாமேல் வீசிவிட்டு, பாய்ந்து திரையின் அடிக்கட்டையைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் முனகியது, விடவில்லை. அவளும் விடவில்லை. முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். ஒரு மூலையில் மடிப்பு பிய்ந்து, திரை கோணலாகச் சரிந்து ஜன்னலை மூடியது.

கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்ன, அம்மா முழிச்சாச்சா? நல்ல வெளிச்சம் வரட்டும்னு தூக்கிவிட்டேன்."

"அம்மாவைத் தொடச்சுவிட்டுட்டிருந்தேன்டா! துணியில்லாம உக்காந்திருந்தாங்க!"

வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணனை 'டா' போட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நல்லதுக்குத்தானே பண்ணேன்," என்றான் அண்ணன். "நீயும் கதவு ஜன்னலெல்லாம் பாத்துப் பண்ணியிருக்கணும்ல?"

அவள் கைப்பேசியைக் கட்டில்மேல் எறிந்தாள். சுவரில் எறியாததற்கு ஒரே காரணம், கடையிலிருந்து அழைப்பு வரும் கைப்பேசியும் அதுதான் என்பது.

மறுநாள் திரைக்கார அக்கா வந்தாள். பிய்ந்த மூலையைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் சிவந்தது.

"அவரு சொன்னாருன்னு மாட்டிட்டேனே," என்றாள். "கழட்டிடுறேன். சங்கிலி வச்சது போடலாம். ஒரு இழையை இழுத்தா ஏறும், இன்னொண்ணை இழுத்தா இறங்கும். ஜன்னலுக்கு எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"வலது பக்கம், ரூம் கதவுகிட்ட," என்றாள் தங்கை. "நான் உள்ள வரும்போதே ஏத்தி இறக்கிடுவேன். இனிமே எல்லாம் என் கையிலதான்."

"அவன் கையிலேருந்து புடுங்கி உன் கையிலயா?" என்றாள் அம்மா.

இருவரும் திரும்பினார்கள். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அவன்தான் அங்க இருக்கான், தெரியல. நீ இங்கதானேடீ இருக்க? திரை வேணுமான்னு என்னைக் கேட்டியா? துணியை அவுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கறியா? தூக்கற, திருப்பற, மூட்டையாடீ நான்?"

"உனக்காக நான் எவ்வளவு..." என்று தொடங்கினாள் தங்கை. கோபம்தான். ஆனால் இப்போது அதை எடுத்து வீச ஆள் இல்லை.

"செய்யற. யாரு இல்லேன்னு சொன்னா? எனக்கு இன்னும் ஒரு கை இருக்கு."

திரைக்கார அக்கா டேப்பை எடுத்து அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் குனிந்தாள்.

"அம்மா, இடது கையை எவ்வளவு தூக்க முடியும், நோகாம?"

அம்மா தூக்கிக் காட்டினாள். அக்கா சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு, "உங்க இடது கைப் பக்கமே, இந்த உயரத்துல சங்கிலியைச் சுவத்தோட இறுக்கிப் பிடிக்க ஒரு கிளிப் அடிச்சிடறேன். தொங்க விடக்கூடாது, வீட்டுக்குப் பிள்ளைங்க வந்தா கழுத்துல மாட்டிக்கும்," என்றாள்.

புதுத் திரை தயாராகி வந்து மாட்டிய அன்று, அம்மா அதை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். பாதியில் நிறுத்தினாள். தோள் வலித்திருக்க வேண்டும், நெற்றியில் வியர்வை. உதவப் போன தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள்.

அண்ணன் அழைத்தான். இத்தனை நாள் வீம்பாகக் கூப்பிடாமல் இருந்தவன்; புதுத் திரை வந்த சேதி திரைக்கார அக்கா சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். "புதுத் திரை எப்படி இருக்கு? இப்ப அங்க வெயிலா?" என்றான்.

தங்கைக்கு அவன் குரலைக் கேட்டதுமே மறுபடி உடம்பு சூடாகியது. மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அம்மாவையே கேளு," என்று கைப்பேசியை அம்மாவின் காதில் வைத்தாள்.

"எதிர்வீட்டுக்காரன் இன்னும் என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சிக்கிறான்," என்றாள் அம்மா. "அவனுக்கு இருக்கற கூச்சம் உனக்கு வரட்டும். அது வந்ததும் பேசு."

பிறகு தங்கையிடம் திரும்பி, "போனை வை," என்றாள்.