ஐந்தாவது நட்டு

பழைய ஜீப்புக்கு உதிரிப்பாகம் தேடுவதும் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதும் ஒன்றுதான் என்று சின்னவர் சொல்வார். நல்லதாக இருந்தால் பொருந்தாது. பொருந்தினால் எங்கேயாவது ஒரு விரிசல் இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால் அதை நேற்றே எவனோ தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

சின்னவர் என்பது அப்பா பட்டறையில் விழுந்த பெயர். அண்ணன் பெரியவர், இவர் சின்னவர். தலை நரைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, மலைக்குக் கீழே சொந்தமாகப் பட்டறை வைத்துப் பல வருஷம் ஆகியும் சின்னவர் சின்னவராகவே இருந்தார். பெரியவர் மலைமேல் அப்பாவின் பழைய பட்டறையிலேயே இருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உறவுக்காரர் கல்யாணங்களில் பார்த்துக்கொண்டால், ஒருவர் பந்தியின் இந்த ஓரத்திலும் மற்றவர் அந்த ஓரத்திலும் உட்காருவார்கள். பரிமாறுகிறவர்களுக்குத்தான் வீண் நடை.

அன்றைக்குச் சின்னவர் இரும்புக் கடைக்குப் போனது தேனீக்காரருக்காக. தேன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றும் அவருடைய ஜீப், முன்பக்க இடது ஹப் தேய்ந்து, பட்டறையில் கட்டைமேல் நின்றது. ஹப் என்பது சக்கரம் வந்து உட்காரும் இரும்பு வட்டு. அதில் ஐந்து போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தை அதில் மாட்டி நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். அந்தக் காலத்து ஜீப்புக்குப் புது ஹப் செய்வார் யாருமில்லை. செத்த வண்டியிலிருந்து எடுத்து உயிருள்ள வண்டிக்குப் போட வேண்டியதுதான்.

இரும்புக் கடை அம்மா, ஏதோ காரிலிருந்து பிடுங்கிய இருக்கையில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சின்னவரே. மேல இருந்து புது லோடு வந்திருக்கு. அந்த மூலையில கொட்டியிருக்கேன். கிளறுங்க, ஆனா கலைச்சுப் போட்டுட்டுப் போகாதீங்க."

"குப்பையைக் கலைச்சா என்னம்மா ஆகும்?"

"எனக்கு அது குப்பை இல்ல, அலமாரி."

அதிர்ஷ்டம் பாருங்கள், கிளறிய கொஞ்ச நேரத்திலேயே நல்ல ஹப் ஒன்று கிடைத்துவிட்டது. துருவைத் துணியால் துடைத்துப் பார்த்தார். விரிசல் இல்லை. ஐந்து போல்ட்டின் நுனியிலும் ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருந்தது. இடப்பக்கச் சக்கரத்துக்கு உரியது என்று அர்த்தம். அந்த ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை தலைகீழாக இருக்கும். உலகத்தில் எல்லா நட்டும் கழலும் பக்கம் திருகினால் அது இறுகும். இறுகும் பக்கம் திருகினால் கழலும். ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்து வைத்தார்கள். விஷயம் தெரியாதவன் முக்கி முக்கித் திருகி, கழற்றுவதாக நினைத்து இறுக்கி, கடைசியில் போல்ட்டையே முறித்துவிடுவான்.

வந்த வேலை முடிந்தது, கிளம்பியிருக்கலாம். ஆனால் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தேடியது கிடைத்த பிறகும் தேடுவார்கள். சின்னவர் இன்னொரு தகரத்தைப் புரட்டினார். அதன் கீழே இன்னொரு ஹப் கிடந்தது, அதுவும் இடப்பக்கத்து ஹப்தான். நாலு போல்ட்டில் 'எல்' இருந்தது. ஐந்தாவது முறிந்திருந்தது.

அதைத் திருப்பினார். முறிந்த போல்ட்டின் பின்பக்கம், தலையைச் சுற்றிப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் வழிந்து, சொட்டு விழப்போகிற மாதிரி உறைந்து நின்றது. தன் கையெழுத்தை யாருக்காவது அடையாளம் தெரியாமல் போகுமா? சின்னவர் அப்படியே அந்த இரும்புக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அது அப்பாவின் ஜீப்புடைய ஹப். அந்தப் பித்தளை, மீசை அரும்பு மாறாத வயதில் அவர் வைத்தது.

அப்போது ஒரு போல்ட் முறிந்து, துளையும் தேய்ந்திருந்தது. அண்ணன் வெளியே போயிருந்த சமயம், சாமர்த்தியத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று சின்னவர் டப்பாவிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து, ஆடாமல் இருக்கப் பின்னால் பித்தளை வைத்து முடித்துவிட்டார். பிறகுதான் பார்த்தால், அது வலப்பக்கத்துப் போல்ட். நாலு நட்டு ஒரு பக்கம் திருகும், ஐந்தாவது எதிர்ப்பக்கம் திருகும். அரைகுறையாகத் தெரிந்தவனால் இந்தத் தப்பைச் செய்ய முடியாது; அதற்கு முழுசாகத் தொழில் தெரிந்திருக்க வேண்டும், கூடவே அவசரமும் வேண்டும்.

பெரியவர் வந்து பார்த்தார். பட்டறை நிறைய ஆட்கள். "இது ஒரு நாள் கழண்டு விழும்" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சின்னவர், "விழாது, நான் இறுக்கியிருக்கேன்" என்று வாய்க்கு வாய் பேசினார். பெரியவருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "உன் கை பட்ட சக்கரத்துல என் பிள்ளைங்களை ஏத்த மாட்டேன்டா" என்றார்.

ஆட்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் சின்னவர். மறுநாள் தன் துணிமணியோடு மலையிறங்கியவர்தான். இரண்டு தரப்பிலும் சமாதானம் பேசப் போனவர்கள் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். பெரியவர் மட்டும் ஒரு விஷயத்தைப் போகிற இடமெல்லாம் சொல்லி வந்தார். "நான் போனப்புறம்தான் அப்பா வண்டி இரும்புக் கடைக்குப் போகும்" என்பார். அது சின்னவர் காதுக்கும் வந்திருந்தது.

இப்போது ஹப் இரும்புக் கடையில் கிடக்கிறது.

சின்னவர் முறிந்த இடத்தை மறுபடி பார்த்தார். உள்ளே வெள்ளையாக மின்னியது. துருப்பிடிக்கவில்லை, அண்மையில் முறிந்தது. நாலு நட்டையும் சரியாகக் கழற்றியவன், ஐந்தாவதையும் அதே பக்கம் திருகி முறித்திருக்கிறான். பெரியவர் கையாக இருந்தால் இது நடந்திருக்காது. பெரியவருக்குத்தான் அந்த நட்டின் குணம் தெரியுமே. அப்படியென்றால் சக்கரத்தைக் கழற்றும்போது பெரியவர் அங்கே இல்லை.

"அம்மா, மேல இருந்து வந்த லோடுன்னா, எந்த வீட்டுலேர்ந்து?"

"லாரிக்காரன் பத்து வீட்டுல அள்ளிட்டு வருவான். அவனுக்கே தெரியாது. ஏன், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார். அண்ணன் வீட்டில் யாருடைய நம்பரும் அவரிடம் இல்லை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள். பிடிவாதம் இருந்தால் முடியும்.

"அண்ணன் வீட்டுப் பக்கம் ஏதாவது சேதி தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்துக் காத்து அடிச்சாக்கூட ஜன்னலைச் சாத்தச் சொல்ற ஆளாச்சே நீங்க. என்ன ஆச்சு?"

சொன்னார்.

"நேரா மேல போங்க. அவர் நல்லா இருந்தார்னா சண்டை போட்டுட்டே வாங்க, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா போங்க."

இரண்டு ஹப்பையும் வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மலைப்பாதை முழுக்கப் பழைய நினைப்பாகவே வந்தது. இந்த வளைவில்தான் அண்ணன் அவருக்கு ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார், பயத்தை மறைக்க. அந்தப் பாலத்துக்குக் கீழேதான் இருவரும் ஜீப்பைக் கழுவுவார்கள். சக்கரம் மாட்டினால் தம்பி முதல் சுற்று இறுக்க வேண்டும், பிறகு அண்ணன் ஸ்பேனரை வாங்கி மறுசுற்றுப் பார்க்க வேண்டும். மறுசுற்று இல்லாமல் ஒரு வண்டியும் பட்டறை வாசலைத் தாண்டாது. அது அப்பா போட்ட சட்டம். அப்போதெல்லாம் நாள் முழுக்க வேலை செய்தும் அலுப்பே தெரிந்ததில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சின்னவர் விஷயத்தில் வேனும் சேர்ந்து ஆடியது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா என்று தன்னையே வைதுகொண்டார்.

வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. பின்பக்கம் மிதித்து மடங்கிய ஜோடி ஒன்று ஓரமாக இருந்தது. பெரியவர் அந்தக் காலத்திலிருந்தே எந்தச் செருப்பையும் அப்படித்தான் கெடுப்பார். அதன்மேல் தூசி படிந்திருந்தது. சின்னவர் அதைப் பார்த்தபடி படியேறாமல் நின்றுவிட்டார்.

அண்ணி வெளியே வந்தாள். முடியெல்லாம் வெளுத்திருந்தது. அதிர்ச்சி எதுவும் காட்டவில்லை, காலையில் கடைக்குப் போய்த் திரும்பியவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வாங்க தம்பி. ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"அண்ணி... அண்ணன்..."

அவள் பதில் சொல்லுமுன் பட்டறைக் கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெரிய ஸ்பேனரை எவன்டா எடுத்தான்? வச்ச இடத்துல ஒரு சாமான் இருக்கா இந்த வீட்டுல?"

சின்னவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குரலில் அவர் வாங்காத திட்டு இல்லை. அதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்.

கொட்டகையில் ஜீப் மூன்று சக்கரத்தில் நின்றது. முன்பக்க இடது மூலைக்குக் கட்டை கொடுத்திருந்தது. பக்கத்தில் நாற்காலியில் பெரியவர். வலது கை மடியில் சும்மா கிடந்தது, வேறு யாருடையதையோ வாங்கி வைத்திருப்பது போல. தம்பியைப் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணியது. அது நோயினாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

"நான் செத்துட்டேன்னு எவனாவது சொன்னானா?"

"இது சொல்லிச்சு" என்று சின்னவர் முறிந்த ஹப்பைக் காட்டினார்.

பெரியவரின் மகன் தலையைச் சொறிந்தான். சின்னவர் தோளில் தூக்கித் திரிந்த பையன். இப்போது அவனுக்கே முன்தலை வழுக்கை. "அப்பாவுக்குத் திடீர்னு கை கால் விழுந்துடுச்சு சித்தப்பா. ஆஸ்பத்திரியில இருந்தாரு. அங்கேர்ந்து அவரை இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன். டயர் பஞ்சர். இடப்பக்கம் தலைகீழ்னு அப்பா சின்ன வயசுலேர்ந்தே சொல்லிக் குடுத்திருக்காரு, அப்படியேதான் கழட்டினேன். அஞ்சாவது முறிஞ்சிடுச்சு. அடிச்சு எடுக்கப் பாத்தேன், ஹப்பே விரிஞ்சு போச்சு. பழைய இரும்போட போட்டுட்டேன்."

"அந்த ஒண்ணு மட்டும் வேற பக்கம்னு உங்கிட்ட சொல்லலையா?"

"அப்பா அந்தச் சக்கரத்தை யாரையும் தொடவே விட்டதில்ல சித்தப்பா. எப்பவும் அவரேதான் கழட்டுவாரு, அவரேதான் மாட்டுவாரு."

சின்னவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் மாத்தாம விட்டே? ஒரு போல்ட்டு. மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

பெரியவர் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கழண்டு விழும்னு சொன்னேன்ல. விழட்டும், அப்புறம் கீழ வந்து உன்னை நாலு வார்த்தை கேக்கணும்னு பாத்துட்டே இருந்தேன். பள்ளம், மேடு, ஆத்து மணல்னு எல்லாத்துலயும் ஓட்டிப் பாத்துட்டேன். சனியன், விழவே இல்ல."

பெரியவர் இடது கையை நீட்டி அந்த ஹப்பை வாங்கி, பின்பக்கத்தைத் தடவினார்.

"பித்தளை மட்டும் அன்னைக்கே நல்லாத்தான் வச்சிருந்தே" என்றார்.

தேனீக்காரருடைய ஹப் வேனிலிருந்து இறங்கியது. தேனீக்காரர் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வார். தேன் என்ன ஓடியா போய்விடும். சின்னவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மகன் கிரீஸ் எடுத்துக் கொடுத்தான். பெரியவர் நாற்காலியிலிருந்தபடியே வேலை வாங்கினார். "பேரிங்கைத் துடைச்சியா? கிரீஸ் பத்தாது. அஞ்சும் 'எல்' தானே? நல்லாப் பாத்துக்க, உன்னை நம்ப முடியாது." சின்னவர், "வேணும்னா நீயே எண்ணிக்க, உனக்குத்தான் எண்ணத் தெரியுமே" என்றார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்று இரண்டு கிழவர்களும் அடித்துக்கொள்வதை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹப் உட்கார்ந்தது. சக்கரத்தைத் தூக்கி மாட்டி, ஐந்து நட்டையும் எதிர் எதிராக ஒவ்வொன்றாக இறுக்கி முடித்தார். கட்டையை எடுத்ததும் ஜீப் ஒரு முனகலோடு நாலு சக்கரத்தில் இறங்கியது. சின்னவர் முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, பழைய வழக்கம் மறக்காமல் ஸ்பேனரை அண்ணனிடம் நீட்டினார்.

"மறுசுத்துப் பாரு."

நீட்டிய பிறகுதான் அந்த வலது கை கண்ணில் பட்டது. மகன் சட்டென்று, "நான் பாக்கறேன்" என்று முன்னால் வந்தான்.

"நீ சும்மா இரு" என்றார் பெரியவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். "பிள்ளைங்களா! எல்லாரும் வாங்க. வண்டியில ஏறுங்க."

பேரப்பிள்ளைகள் மூன்று பேர் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் பின்னால் ஏறிவிட்டார்கள். பெரிய பேத்தி மட்டும் படியில் கால் வைத்தவள் நின்றாள். அந்த வீட்டுச் சட்டம் அவளுக்கும் தெரிந்திருந்தது.

"தாத்தா, நீங்க இன்னும் மறுசுத்துப் பாக்கலையே?"

"வேண்டாம்" என்றார் பெரியவர். "சின்னத் தாத்தா இறுக்கியிருக்காரு. நீ ஏறு."