பள்ளம் விழாத மெத்தை

நுஹைலாவைப் பெண் கேட்டு வருகிறார்கள் என்ற செய்தியை அவளே தொலைபேசியில் சொன்னாள். ரமலானுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்து வருவார்களாம். எந்த வீட்டில் வைத்துக்கொள்வது என்று மட்டும் முடிவாகவில்லையாம். கப்பூர் மாமா வீடு வசதி என்கிறாளாம் அம்மா.

"அப்பன் உயிரோட இருக்கும்போது மாமன் வீட்டுலயா பொண்ணு கேப்பாங்க?" என்றார் ஜிலாலி.

நுஹைலா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் அங்க வச்சா சந்தோசம்தான் பா. ஆனா வர்றவங்களை எங்க உக்கார வைப்பீங்க?"

நியாயமான கேள்வி. காசாபிளாங்காவின் ஹை முஹம்மதி பகுதியில், மூன்றாம் மாடியில், ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும் சமையலறையும் உள்ள வீடு அவருடையது. ஹாலில் தரையில் போட்ட ஒரு பஞ்சு மெத்தையைத் தவிர எதுவும் இல்லை. சுவரோரம் மூன்று பக்கமும் ஓடிய கம்பளி மெத்தைகள், திண்டுகள், பித்தளை மேசை எல்லாம் அவர் மனைவி கத்தூஜின் பிறந்த வீட்டுச் சீர். மணமுறிவு ஆனதும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் கப்பூர் வீட்டுக்குப் போனாள். மறுநாள் வண்டி வந்து சீர் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனது. நுஹைலா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

கத்தூஜ் போனதற்கு அடியும் இல்லை, குடியும் இல்லை. மாவு ஆலையில் ஜிலாலிக்கு நிரந்தர இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மாலைவரை தூக்கம். படுக்கையறை ஜன்னல் சந்தைத் தெருவைப் பார்த்தது. தக்காளிக்காரன் கத்தும்போது சுவரே கத்துவதுபோல் இருக்கும். ஹால் ஜன்னல் கட்டடத்துக்கு நடுவே காற்றுக்காக விட்ட குறுகிய இடைவெளியைப் பார்த்தது. இருட்டு, அமைதி. அதனால் ஹாலில் படுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் டீக்குப் போய்வருவது அந்த மாலைப் பொழுதில்தான். விருந்தாளியை உட்காரவைக்க வேண்டிய இடத்தில் புருஷன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் யாரைக் கூப்பிடுவது? முதலில் சமையலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்தாள். பிறகு அவர்கள் வருவது நின்றது. அவர்கள் கூப்பிடுவதும் நின்றது. இப்படியே பல வருடம் போனது. ஒரு நாள் அவளும் போனாள்.

"நீ வந்து பாரு. பாத்துட்டுச் சொல்லு," என்றார் ஜிலாலி தொலைபேசியில்.

சரி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் வருகிறேன் என்றாள்.

மெத்தை தைக்கும் அல்லாலின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அல்லால் வந்து நாடாவை நீட்டி ஹாலை அளந்தான். அளந்து முடித்ததும் சிரித்தான்.

"அண்ணே, இதுக்கு ரூமி பாணிதான் சரி. ஒரு சோஃபா, ரெண்டு நாற்காலி, சின்ன மேசை. வெள்ளைக்காரன் மாதிரி கால்மேல கால் போட்டு உக்காரலாம்."

"நம்ம ஆளுங்க எத்தனை பேரு வருவாங்கன்னு எனக்குத் தெரியும். மூணு சுவருக்கும் போடு."

"மூணு சுவருக்கும் போட்டா நடுவுல மேசை வரும். மேசை வந்தா நடக்க எடம் இருக்காது. உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நண்டா, பக்கவாட்டுல நடக்க?"

"நடக்கவா வர்றாங்க? உக்காரத்தானே வர்றாங்க."

கடைசியில் இருவரும் இறங்கி வந்தார்கள். மூன்று சுவருக்கும் மெத்தை உண்டு. ஆனால் மரச்சட்டம் தாழ்வாக, செதுக்கு வேலை இல்லாமல் இருக்கும். முதுகுத் திண்டு உயரமாக வைத்தால் சுவரைத் தின்றுவிடும் என்று அதைக் குட்டையாக்கினான். கனமான மடிப்புத் திரைக்குப் பதிலாக, கூரையிலிருந்து தரைவரை தொங்கும் மெல்லிய திரை. ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி, வருகிற கொஞ்ச வெளிச்சத்தையாவது இரண்டாக்க. ஜிலாலி சிவப்பில் பூவேலைத் துணி கேட்டார். சிவப்பு போட்டால் ஹால் தீப்பெட்டி ஆகிவிடும், வெளிர் நிறம்தான் இடத்தைப் பெரிதாகக் காட்டும் என்று அல்லால் ஒற்றைக் காலில் நின்றான். க்ரீம் நிறம் முடிவானது.

"கம்பளி வேணாம்," என்றான் அல்லால். "கம்பளி மனுசன் உடம்பை ஞாபகம் வச்சுக்கும். ஒரே எடத்துல உக்காந்தா பள்ளம் விழுந்துரும். நான் போடப்போறது கெட்டி ஸ்பாஞ்சு. பத்து வருசத்துக்குப் பள்ளம் விழாது, என் பொறுப்பு."

மெத்தைகள் வந்து இறங்கிய நாளில் ஜிலாலி வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியில் இன்னொரு ஹால் தெரிந்தது. அதுவும் க்ரீம் நிறம், அதிலும் மூன்று சுவருக்கும் இருக்கை. அவர் வீடுதான். அவரை யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. மாவு ஆலையில் வேலை பார்க்கிறவனின் உடம்பில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும். க்ரீம் துணி கை பட்டாலே காட்டிக்கொடுக்கும். அல்லால் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவில்லை. மேலே இரண்டு வெள்ளை விரிப்பையும் போர்த்தினார். பழைய பஞ்சு மெத்தையைச் சுருட்டிச் சமையலறைக்கு இழுத்துப்போய், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் போட்டார். சந்தைத் தெருப் பக்கத்துப் படுக்கையறையைவிடச் சத்தம் குறைவு என்று பகலில் அங்கேதான் தூங்கினார், அல்லது தூங்கப் பார்த்தார். மேல்மாடி உலக்கைச் சத்தம், குழாய்ச் சத்தம், தக்காளிக்காரன். மாதக் கணக்கில் அல்ல, வெள்ளிக்கிழமைவரைதானே என்று சொல்லிக்கொண்டார்.

நுஹைலா வந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. ஜில்லாபா அங்கியின் ஓரமெல்லாம் சேறு, தலைத்துணி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஜிலாலி அவளுக்காக அன்று தூங்கவே இல்லை. ஹால் கதவைத் திறந்து, விரிப்புகளை எடுத்துவிட்டு, விளக்கைப் போட்டார். பிளாஸ்டிக் மட்டும் பளபளத்தது.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். கண்கள் சுவர் சுவராகப் போய்க் கண்ணாடியில் நின்றன.

"நல்லாருக்கு பா. நெசமாவே நல்லாருக்கு. ஹால் ரொம்பப் பெருசா தெரியுது." குனிந்து செருப்பைக் கழற்றினாள். "உக்காந்து பாக்கவா?"

"இரு, இரு," என்று ஜிலாலி கையை நீட்டித் தடுத்தார். "ஈரத்தோட வேணாம் மா. க்ரீம் கலரு. அவங்க வர்ற அன்னிக்கு ஜம்முனு உக்காரு. இப்ப கிச்சனுக்கு வா, டீ போடுறேன்."

கழற்றிய செருப்பை அவள் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்தாள். சிலிண்டர் பக்கத்தில் சுருட்டியிருந்த மெத்தையைப் பார்த்தாள். ஜிலாலி புதினாவைக் கிள்ளிப் போட்டு, சர்க்கரைக் கட்டியை உடைத்துப் போட்டு, யார் எங்கே உட்காரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடிக்கு எதிரே, பெரியவர்கள் அவருக்கு இரண்டு பக்கமும், பெண்கள் கதவுப் பக்கம். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் வீட்டுப்பாடம் எழுதினது எங்கன்னு ஞாபகம் இருக்கா பா?"

"எங்க?"

"இதே முக்காலிலதான். ஹால் கதவைத் தாண்டும்போது அம்மா வாயில விரலை வச்சுக் காட்டுவாங்க. நுனிக்கால்ல நடப்பேன்."

"நைட் ஷிஃப்ட் மா. நான் என்ன பண்ணட்டும்?"

"உங்களைக் குத்தம் சொல்லல. அப்ப நீங்க தூங்குறீங்கன்னு உள்ள விடல. இப்ப அழுக்காகும்னு விடல. அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜிலாலி எழுந்து போய் அந்த பிளாஸ்டிக்கைக் கிழித்திருக்கலாம். வா மா, ஈரமோ சேறோ, வந்து உக்காரு என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: இத்தனை நாள் காப்பாற்றியது இவளுக்காகத்தானே, இது ஏன் இவளுக்குப் புரியவில்லை? டீயை இன்னொரு டம்ளர் ஊற்றினார். அவள் குடித்துவிட்டு, அவர் தலையில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. கப்பூர் மாமா வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் பா, நீங்க சீக்கிரமே வந்துருங்க, சம்பந்தம் முடிவாக நீங்கதான் ஃபாத்திஹா ஓதணும் என்றாள். காரணம் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளை ஜில்லாபா போட்டுக்கொண்டு போனார். அன்றைய இரவு வேலைக்கு ஏற்கெனவே விடுப்புச் சொல்லியிருந்தார், தன் வீட்டில் சாப்பாடு இருக்கும் என்று நினைத்த நாளில் சொன்னது. கப்பூர் வாசலிலேயே கட்டிப்பிடித்தான். "வாங்க மச்சான்," என்று பழைய முறையிலேயே கூப்பிட்டான், நல்ல மனிதன். கதவுப் பக்கம் ஓர் இடம் காட்டினான். ஜிலாலி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கீழே மரச்சட்டம் கண்ணில் பட்டது. சாம்பல் நிறத்தில் புதுத்துணி, புதுத் திண்டு. ஆனால் சட்டத்தின் ஓரத்தில் சிகரெட் சுட்ட கறுப்பு வடு அப்படியே இருந்தது. அவர் சுட்ட வடு.

மாப்பிள்ளை வீட்டார் கூம்புச் சர்க்கரையும் பாலும் பேரீச்சம்பழமும் தட்டுகளில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹாஜ் துஹாமி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பருத்த உடம்பு. அவரை நடுச்சுவரில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர் ஒரு பக்கமாக அமிழ்ந்தார். கையிலிருந்த பால் டம்ளர் தளும்பி மடியில் சிந்தியது.

"மன்னிக்கணும் ஹாஜ்," என்று கப்பூர் பதறினான். "பழைய கம்பளி. பிரிச்சு அடிச்சு வெயில்ல போட்டும் அந்த எடம் மட்டும் ஏறவே மாட்டேங்குது."

கத்தூஜ் உள்வாசலில் தட்டோடு நின்றாள். அவள் ஜிலாலியைப் பார்க்கவில்லை என்பதிலிருந்தே அது யார் படுத்த பள்ளம் என்று அவருக்குத் தெரிந்தது.

நுஹைலா ஒரு திண்டை எடுத்துவந்து ஹாஜின் இடுப்புக்குக் கீழே செருகினாள்.

"அது எங்க அப்பா தூங்குன எடம் மாமா. அது யாருக்கும் எழுந்திருக்காது."

ஹாஜ் துஹாமி ஜிலாலியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் சம்பந்தி மடியிலதான் உக்காந்திருக்கேன்," என்றார். "எடம் நல்லாத்தான் இருக்கு. என்னை எழுப்பிவிடாதீங்க."

ஹால் முழுக்கச் சிரித்தது. ஜிலாலியும் சிரித்தார். பிறகு கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதினார். குரல் பிசகவில்லை. மாப்பிள்ளை பையன் எழுந்துவந்து அவர் தலையில் முத்தமிட்டான். நுஹைலா அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள், ஈரமில்லாத புதுக் கஃப்தான் அங்கியில்.

சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் நேரத்தில், ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். நுஹைலா மாடிப்படிவரை வந்தாள். இன்னிக்குமா என்று கேட்டாள். இன்னிக்கும்தான் என்றார். தாளில் சுற்றிய பாதாம் பலகாரத்தை அவர் பையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அந்தி நேர மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. ஹால் விளக்கைப் போட்டார். சமையல் கத்தியை எடுத்துவந்து பிளாஸ்டிக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிழித்தார். மூன்று சுவருக்கும் கிழிக்க நேரம் பிடித்தது. கிழிந்ததைச் சுருட்டி வாசலுக்கு வெளியே வைத்தார். பிறகு, ஹாஜ் துஹாமிக்கென்று நினைத்து வைத்திருந்த இடத்தில், கண்ணாடிக்கு எதிரே, செருப்புக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

பலகாரத்தைத் தின்றார். பொடி உதிர்ந்து க்ரீம் துணியில் விழுந்தது. தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தார். ஸ்பாஞ்சு அவரை மேலேயே தாங்கிக்கொண்டிருந்தது, மேசைமேல் வைத்த பொருளைப்போல. இரவில் தூங்கிப் பழகாத உடம்பு. தூக்கம் வருகிற வழியாகவும் இல்லை.

எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார். துணி அதற்குள் சமமாகியிருந்தது, யாரும் அங்கே படுத்ததுபோலவே இல்லை. பத்து வருடத்துக்குத் தன் பொறுப்பு என்று அல்லால் சொல்லியிருந்தான்.